வயரைப் பிடுங்கு, வாயைத் திற!

மலருக்குக் கவிதை கேட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரு குற்ற ஒப்புதல்தான்.

போன வருஷம் ஒரு நாள், பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வாங்கிய பென் டிரைவை லேப் சிஸ்டத்தில் செருகினேன். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது. வைரஸ் என்று அப்போதே புரிந்துவிட்டது. "ஸார்கிட்ட சொன்னா ஃபைன்தான், நமக்கெதுக்கு வம்பு?" என்று சத்தமில்லாமல் அடுத்த சிஸ்டத்துக்கு நகர்ந்தேன். அங்கேயும் அதே பென் டிரைவ்! சாயங்காலத்துக்குள் அடுத்தவர் பென் டிரைவ்களும் வாங்கிக்கொண்டு வரிசை முழுக்கப் பரப்பின. கடைசியில் எல்லா சிஸ்டத்தையும் ஃபார்மட் அடித்தார்கள். ஃபைனல் இயர் அண்ணன் ஒருவரின் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் அதோடு போனது. மூன்று வார உழைப்பு! அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். 2017 மே 12-ல் கிளம்பிய வான்னாக்ரை, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டாம். ஓட்டை அடைக்காத விண்டோஸ் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும், தானே தாவும். அதே ஆண்டு ஜூன் 27-ல் நாட்பெட்யா. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. அவர்களின் டொமைன் கண்ட்ரோலர்களில் பிழைத்தது கானா நாட்டில் இருந்த ஒன்றே ஒன்று. காரணம்? அங்கே அப்போது கரண்ட் கட்! நெட்வொர்க்கில் இல்லாததால் தப்பியது. நாம் திட்டுகிற கரண்ட் கட் ஒரு கம்பெனியையே காப்பாற்றியிருக்கிறது!

ஆகவே என் கருத்து இதுதான்: முதலில் பிரி, ஆராய்ச்சி அப்புறம். லேன் வயரைப் பிடுங்கு, வைஃபையை நிறுத்து, அந்தப் பென் டிரைவை வேறெதிலும் செருகாதே.

"பேசாம ஆஃப் பண்ணிடலாமே?" என்பீர்கள். கானாவில் அணைந்தது நோய் தொடாத மெஷின். நோய் தொட்டதை அணைத்தால் ரேமில் இருக்கும் தடயம் அழிந்துவிடும். வான்னாக்ரை தாக்கிய விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்தால், ரேமிலிருந்தே பூட்டின் சாவியைத் தேடி எடுக்க ஒரு புரோகிராம் வந்தது. நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வழியே இல்லை என்றால் மட்டும் பவரை நிறுத்தலாம்.

இரண்டாவது, உடனே சொல். நம் நாட்டின் செர்ட்-இன் 2022-ல் போட்ட உத்தரவுப்படி, கம்பெனிகள் இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நானோ ஒரு நாள் முழுக்க மறைத்தேன்! வயரைப் பிடுங்க ஒரு நிமிஷம் போதும். என்னைத் தடுத்தது ஃபைன் பயம். ஆசிரியப் பெருமக்களே, தவறிச் செருகியவனுக்கு ஃபைன் வேண்டாம், மறைத்தவனுக்குப் போடுங்கள். முதல் ரசீது என் பெயரில் இருக்கட்டும்.

நண்பர்களே, நாளை மில்லிலும் மின் நிலையத்திலும் கண்ட்ரோல் ரூமில் உட்காரப் போகிறவர்கள் நாம். அங்கே மறைத்தால் போவது ஒரு ரிப்போர்ட் மட்டுமா? யோசியுங்கள்.

அண்ணா, எங்கே வேலையில் இருந்தாலும் இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால்... மன்னித்துவிடுங்கள்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், ஈ.சி.ஈ.