பல்லை எண்ணிச் சைக்கிள் வாங்குவோம்

பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். கொம்பும் நிறமும் அப்புறம்தான். அந்தச் சந்தை நமக்கு ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும், சைக்கிள் கடைக்குப் போகும்போது மட்டும் அந்தப் புத்தி நம்மவர்களுக்கு வருவதில்லை. "எத்தனை கியர்?" என்று கேட்கிறோம். கடைக்காரர் "இருபத்தொன்று" என்கிறார். ஓணம் போனஸ் கை மாறிவிடுகிறது.

கஞ்சிக்கோட்டிலும் சுற்று வட்டாரத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இப்போது பிள்ளைகள் "கிராவல் சைக்கிள்" கேட்கிறார்கள். தார் ரோட்டிலும் சரளை மண் பாதையிலும் ஒன்றுபோல ஓடும் சைக்கிள் அது. ஆசை நியாயமானதுதான். நமக்கு வாசலில் தேசிய நெடுஞ்சாலை, பின்னால் மலம்புழை, வாளையாறு அணைகளின் கால்வாய்க் கரைகள், கொஞ்சம் தள்ளி நெல்லியாம்பதி மலை. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய சைக்கிள் ஆறு மாதத்தில் திண்ணையில் துணி காயப்போடும் கொடியாக மாறுவதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். பையனுக்குச் சோம்பல் என்று அப்பா திட்டுகிறார். பல வீடுகளில் குற்றம் பையனிடம் இல்லை, பல்சக்கரத்தில் இருக்கிறது.

நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் எஞ்சின் பராமரிப்பில் காலம் கழித்தவன். எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். நம் ஸ்டேஷன் வழியாகப் போகும் டபிள்யூ.ஏ.ஜி.-9 சரக்கு எஞ்சினையும், 2000-ல் வந்த டபிள்யூ.ஏ.பி.-7 பயணிகள் எஞ்சினையும் பாருங்கள். முதலாவதிலிருந்து பிறந்ததுதான் இரண்டாவது. முக்கியமான மாற்றம் பல் கணக்கில். சரக்கு எஞ்சினில் 77-க்கு 15, பயணிகள் எஞ்சினில் 72-க்கு 20. முன்னது பாரத்தை இழுக்கிறது, பின்னது வேகமாக ஓடுகிறது. எஞ்சினில் மோட்டாரின் சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. சைக்கிளில் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர், ஏனென்றால் மனிதக் கால் நிமிடத்துக்கு அறுபது, எண்பது சுற்றுத்தான் சுற்றும். மற்றபடி கணக்கு ஒன்றேதான்: முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது கிடைக்கும்.

இங்கே மேடு இல்லையே, கியர் எதற்கு என்று கேட்பவர்கள் கஞ்சிக்கோட்டுக் காற்றை மறந்துவிடுகிறார்கள். மின்வாரியம் இங்கே காற்றாலை நட்டது சும்மாவா? ஆனி, ஆடியில் மேல்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நெஞ்சில் மோதும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்று சொல்லும் கார்த்திகை மாதத்துக் கீழ்க்காற்று, வாளையாறு பக்கம் போகிறவரைப் பின்னுக்குத் தள்ளும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசினால், அவர் உடம்பு 35 கிலோமீட்டர் காற்றைப் பிளக்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், அது ஐந்து மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. இதுவும் ஒரு மலைதான், கொண்டை ஊசி வளைவு இல்லாத மலை.

முதலில் கம்பெனிக்கு ஷிப்ட் போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தாறு கிலோமீட்டர் சமதரைக்குப் பழைய கியர் இல்லாத சைக்கிளே போதும், புதிது வாங்கவே வேண்டாம். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், 28 அங்குலச் சக்கரத்தில் ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். எதிர்காற்றில் முழங்காலைப் பிடிப்பது இதுதான். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் மாட்டினால் 4.4 மீட்டர். சில நூறு ரூபாய்ச் செலவு. செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம். எங்கள் தெருவில் தாராபுரத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தம்பிக்கு இதைச் சொன்னேன். மாற்றிவிட்டு வந்து, "சார், காத்து நின்ன மாதிரி இருக்குங்க" என்றார். காற்று நிற்கவில்லை, கணக்கு மாறியது.

இனி அந்த இருபத்தொரு கியர் விஷயம். முன்னால் மூன்று சக்கரம் (48, 38, 28 பல்), பின்னால் ஏழு (14 முதல் 28 வரை). மூன்றேழு இருபத்தொன்று, வாய்ப்பாடு சரிதான். ஆனால் 48-க்கு 24 போட்டாலும் 28-க்கு 14 போட்டாலும் விடை 2 தான். 48-க்கு 28, 38-க்கு 22, 28-க்கு 16 ஆகிய மூன்றும் 1.7-ஐ ஒட்டியே நிற்கின்றன. பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்தால் மிஞ்சுவது பன்னிரண்டுதான். பாக்கி ஒன்பதுக்கும் சேர்த்து நாம் பணம் கொடுத்து, எடையும் சுமக்கிறோம். அதோடு ஸ்பிரிங் வைத்த மலிவு முன்ஃபோர்க் வேறு. சரளைப் பாதைக்கு அதைவிட 38, 40 மில்லிமீட்டர் அகல டயர் எவ்வளவோ மேல்.

இதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பின் சக்கர ஹப்பைச் சொல்கிறேன். மலிவு வண்டிகளில் பின் பல்லடுக்கு ஃப்ரீவீலாக ஹப்பின் மேல் மரையில் திருகப்பட்டிருக்கும். செயின் பக்கத்து பேரிங் உள்ளே தள்ளி உட்காருவதால், அதற்கு வெளியே ஆக்ஸில் நீண்டு தாங்கலின்றி நிற்கிறது. குழியில் இறங்கி ஏறும்போது அங்கேதான் வளையும், ஒரு நாள் ஒடியும். தாங்கல் இல்லாத தண்டு வளையும் என்பதை டிப்ளமா முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். 1978-ல் ஷிமானோ கம்பெனி கொண்டுவந்த ஃப்ரீஹப்பில் பேரிங் வெளி ஓரத்துக்குப் போய்விட்டது. அதன் மேல் மாட்டும் பல்லடுக்குக்குக் கேசட் என்று பெயர். கடையில் கண்டுபிடிக்க ஒரு வழி: பின் அடுக்கின் மிகச் சின்னச் சக்கரத்தில் பல்லை எண்ணுங்கள். 14 என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல். 11 அல்லது 12 என்றால் பெரும்பாலும் கேசட். சரளையில் ஓட்டப்போகிறவர்களுக்குக் கேசட் இல்லாத வண்டியை வாங்கிக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கேசட் வண்டியிலேயே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, முன்னால் இரண்டு, பின்னால் எட்டு. ஷிமானோ கிளாரிஸ் இந்த வகை. முன்னால் 50-34, பின்னால் 11 முதல் 34 வரை என்றால், மிக இலகுவான கியர் ஒன்றுக்கு ஒன்று; நிமிடத்துக்கு அறுபது மிதியில் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர். முன்னால் 46-30 போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. மற்றது, முன்னால் ஒன்றே ஒன்று, பின்னால் ஒன்பது. தைவானின் மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் இப்படிப்பட்டது. முன்னால் 40, பின்னால் 11 முதல் 46 வரை வைத்தால், ஏற்றத்துக்கு 0.87, இறக்கத்துக்கு 3.6. முன்னால் செயினை மாற்றும் வேலையே இல்லை. (செயினைத் தள்ளி மாற்றும் அந்தக் கருவிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் டிரெயிலியர். தடம் புரளச் செய்வது என்று பொருள். ரயில் தடம் புரளாமல் காக்கச் சம்பளம் வாங்கியவன் இப்போது அதற்குப் பரிந்து பேசுகிறேன்!)

என் ஓட்டு, கஞ்சிக்கோட்டுக்கு முதல் வகை. தார் ரோட்டில் காற்றோடு மல்லுக்கட்டும்போது கியருக்குக் கியர் இடைவெளி சிறிதாக இருப்பது காலுக்கு இதம். ஆறு, ஏழு, எட்டு அடுக்குக்கெல்லாம் ஒரே செயின் பொருந்தும். அது மலிவு, கோயம்புத்தூர் வரை எங்கும் கிடைக்கும். ஆனால் மூணாறு, மறையூர், குமுளிப் பக்கத்து எஸ்டேட்டுகளில் இருக்கும் நம் உறவினர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம். கல் பெயர்ந்த ஏற்றத்தில் அவர்களுக்கு ஒற்றை முன்சக்கரமும் 46 பல்லும்தான் சரி. அட்வென்டில் செயின் துள்ளாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச்சும் இருக்கிறது.

பதினொன்று, பன்னிரண்டு அடுக்கு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் "வேலைக்குப் போய் நீயே வாங்கிக்கொள்" என்று சொல்லலாம். செயின் மெலிசு, விலை கனம். உதிரிப்பாகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: ஷிமானோ 2023-ல் கொண்டுவந்த க்யூஸ் வரிசையிலும் ஒன்பது அடுக்கு உண்டு. ஆனால் பழைய ஒன்பதுக்கு உள்ள லீவர் இதற்கு ஒத்துவராது. பெட்டியில் எழுதிய எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

கியர் போடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் பெரியவர்களும் நம் சங்கத்தில் உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலும் 1937 வரை டிரெயிலியரை அனுமதிக்காமல்தான் இருந்தார்கள். அப்புறம் அனுமதித்தார்கள், பந்தயம் இன்றும் நடக்கிறது.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது செயின் ஒன்றுதான். அதன் கண்ணி இடைவெளி அரை அங்குலம். எனவே புதுச் செயினில் இருபத்துநான்கு இடைவெளி சரியாக ஒரு அடி. மாதம் ஒரு முறை ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஊசிக்கு ஊசி அளந்து பாருங்கள். ஒரு அடிக்கு மேல் பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கேசட்டின் பல்லையும் அது தின்றுவிடும், கேசட்டுக்குச் செயினைவிட விலை அதிகம். மழைக்காலத்தில் கால்வாய்க் கரைச் சேறு ஒட்டிய அன்றே துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, மிஞ்சியதையும் துடைத்தெடுங்கள். எண்ணெய் வழிந்து நின்றால் அடுத்த நாள் மண் முழுவதும் அங்கேதான் வந்து ஒட்டும்.