கூண்டு ஏறியதும் அரிசி வீடு சேரட்டும்

ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியரும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவருமான தங்களுக்கு,

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் இந்தக் கரையில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கின்றன. மீன்வளத் துறை கடலுக்குப் போகும் டோக்கனை நிறுத்துகிறது. படகுக்காரர்கள் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். மூன்றாவதாக இன்னொன்றும் நடக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். தனித்து வாழும் முதியவரின் வீட்டுக்கு, மழை இறங்கும் முன்பே சாப்பாட்டுப் பொருள் போய்ச் சேர வேண்டும்.

டோக்கன் நின்றால் மகன் வீட்டில் வருமானம் நிற்கும். அடுத்த குடிசையில் தனியே உலை வைக்கும் தாய்க்கு அவன் கொடுக்கும் மீனும் காசும் அதோடு சேர்ந்தே நிற்கும். அவருக்கு மிஞ்சுவது முதியோர் ஓய்வூதியப் (ஓ.ஏ.பி.) பணமும் ரேஷன் அரிசியும்தான்.

முதியவர் பசியை இந்த மாநிலம் மறந்துவிடவில்லை. 1962-இல் முதியோர் ஓய்வூதியம் வந்தது. 1982-இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், அடுத்த ஆண்டே ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும் விரிந்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதனால் யார் யாருக்குத் தர வேண்டும் என்ற பட்டியல் இன்று கடை வாரியாக அரசின் கையில் இருக்கிறது. பேரிடர்த் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய மூலதனம் தேவையில்லை.

குறை ஒன்றுதான். அந்த விநியோகம் நாள்காட்டியைப் பார்த்து நடக்கிறது. திட்டம் தொடங்கியபோது மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. புரெவி புயல் 2020 டிசம்பர் முதல் வாரத்தில் மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, பாம்பனுக்கு அருகே நகராமல் நின்றது. 2024 நவம்பர் 20, புதன்கிழமை, ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. விநியோக நாளை எந்தக் கிழமைக்கு மாற்றினாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

எனவே எங்கள் முதல் கோரிக்கை, 1-ஆம் எண் கூண்டு ஏறியதுமே அடுத்த மாத அரிசி, பருப்பு, சர்க்கரையை முதியோர் பட்டியலில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்பது. புயல் தூரக்கடலில் இருக்கும்போது ஏறும் கூண்டு அது. சாலை அப்போது காய்ந்துதான் கிடக்கும். புயல் திசைமாறிப் போனாலும் நட்டமில்லை. கொடுத்தது கூடுதல் அரிசி அல்ல, அவருக்கு உரியதே கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது.

ஆனால் 2024-இல் வந்ததுபோல் திடீரென இறங்கும் மழை கூண்டுக்காகக் காத்திருக்காது. தண்ணீர் புகுந்த அடுப்பில் ரேஷன் அரிசியும் பயன்படாது. அதனால் அக்டோபர் பிறக்கும்போதே, மூன்று நாளைக்குச் சமைக்காமல் சாப்பிடக்கூடிய பொருட்களை ஒரு மூடிபோட்ட வாளியில் கொடுத்து வையுங்கள். அவல், பொட்டுக்கடலை, சத்துமாவு, ரஸ்க், குடிதண்ணீர் கேன் போதும். சர்க்கரை நோயாளிக்கு வெல்லம் சேர்க்காத சத்துமாவு கொடுங்கள். அமெரிக்காவில் முதியோருக்கு வீடு தேடிச் சாப்பாடு கொடுக்கும் அமைப்புகள், பனிப்புயல் காலத்துக்கு முன்பே கெட்டுப்போகாத உணவைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகின்றன. நமக்கும் கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது, சத்துணவுப் பிள்ளைகளுக்கு உலர் பொருளாகக் கொடுத்த அனுபவம் உண்டு.

இரண்டாவது, கைரேகை. கயிறும் வலையும் இழுத்துத் தேய்ந்த விரல்களை ரேஷன் கடை எந்திரம் சாதாரண நாளிலேயே ஏற்பதில்லை. புயலில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் போனால் எந்திரமே வேலை செய்யாது. கூண்டு இறங்கும்வரை நோட்டில் கையெழுத்தோ பெருவிரல் மையோ வாங்கிக் கொடுக்கலாம் என்று விற்பனையாளருக்கு எழுத்து மூலம் ஆணை வேண்டும். வாய்மொழி உத்தரவை நம்பிக் கொடுத்தவர், பிறகு தணிக்கையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, இருப்பு. 1988-இல் திறந்த ஒரே சாலைப் பாலத்தை நம்பித்தான் ராமேசுவரம் தீவுக்கு லாரிகள் வருகின்றன. பலத்த காற்று வீசினால் ரயிலும் நின்றுவிடும். பருவமழை மாதங்களுக்கான சரக்கு, ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் மூன்று ஊர்களிலும் மேடான கட்டடங்களில் முன்பே இறங்கியிருக்க வேண்டும்.

நான்காவது, ஆள். கடை விற்பனையாளரின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கலாம். ஆகவே தெருவுக்கு இரண்டு பேரை, மகளிர் குழுவிலிருந்தோ சத்துணவு ஊழியரிலிருந்தோ, பெயர் குறித்து நியமியுங்கள். முகாமுக்கு வந்தவருக்குச் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. ஆட்டையும் கோழியையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று குடிசையிலேயே உட்கார்ந்துவிடும் கிழவிக்குத்தான் இந்த இரண்டு பேர் தேவை. மழை விடுமுறையில் பள்ளி பூட்டியிருந்தால் சத்துணவு மையத்தில் சாப்பிடும் முதியவருக்கு மதியச் சோறு எங்கே கிடைக்கும் என்பதையும் இவர்களே சொல்ல வேண்டும்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது முன்னறிவிப்புக்கு இன்றைய வசதிகள் இல்லை. இன்று பல நாள் முன்பே தெரிகிறது. தெரிந்த பிறகும் ஒரு முதியவர் பட்டினி கிடந்தால் பழியைக் கடல்மேல் போட முடியாது.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்யச் சொல்கிறது. இந்த ஆண்டு மறு ஆய்வில் மேற்கண்ட நான்கையும் சேருங்கள். அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களில், பட்டியலில் விடுபட்ட முதியோர் யார் என்று ஊராரையே கேளுங்கள். நகராட்சிப் பகுதியில் வார்டு வாரியாகக் கேட்கலாம். தாயுமானவர் சுவாமிகளின் சமாதி இருப்பது ராமநாதபுரத்தில்தான். அவர் பெயர் தாங்கிய திட்டம் புயல் நாளிலும் நடக்கும் என்று முதலில் காட்ட வேண்டிய மாவட்டமும் இதுவே. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் தங்கள் ஆணையை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு