நலவாழ்வுப் பகுதி: பல் நாட்டுமுன் எலும்பு வளர்த்தல்



நம்மவரில் நடுவயதைக் கடந்த பலருக்கு மேல்வாயில் கொடுப்புப்பல் ஒன்றிரண்டு இல்லாதிருப்பது புதினமல்ல. பல் வலித்தால் பிடுங்கிவிடுவதே அக்காலத்து வைத்தியம். அந்த இடத்தில் இம்பிளான்ற் எனப்படும் செயற்கை வேரை நாட்டலாமா என்று குரோய்டனிலோ தோண்டன் ஹீத்திலோ பல்வைத்தியரைக் கேட்கப் போனவர்களுக்குச் சில வேளைகளில் எதிர்பாராத பதில் கிடைக்கிறது. அங்கே எலும்பு போதாது, முதலில் சைனஸின் அடித்தளத்தை உயர்த்தி எலும்பு வளர்க்க வேண்டும் என்பதே அது. சைனஸ் லிவ்ற் என்று சொல்லப்படும் இச்சத்திரசிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போதும். அதன் பலனோ அடுத்து வரும் வாரங்களில் வீட்டில் நாம் நடந்துகொள்ளும் முறையிலும் பெரிதும் தங்கியுள்ளது. ஆதலால் இம்முறை அதைப்பற்றி எழுதுகிறோம்.

கன்ன எலும்புக்குக் கீழே, மேல்வரிசைக் கொடுப்புப் பற்களின் வேர்களுக்கு நேர் மேலே, காற்று நிறைந்த ஓர் அறை உண்டு. ஷேர்போண் நகரில் வைத்தியம் பார்த்த நதானியேல் ஹைமோர் 1651இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்திருக்கிறார். பல் பிடுங்கிய குழியினுள் இறகொன்றை விட்டுப் பார்த்த ஒரு பெண்மணி, அது உள்ளே போய்க்கொண்டே இருப்பதைக் கண்டு, மூளையைத் தொட்டுவிட்டதோ என்று கலங்கி அவரிடம் வந்த கதையும் அதில் உண்டு. இறகு போனது மூளைக்கல்ல, இந்தக் காற்றறைக்குத்தான்.

பல் போனபின் தாடை எலும்புக்கு வேலை இல்லாது போகிறது. அது மெல்ல மெல்லக் கரைகிறது. மேலிருந்து காற்றறையும் கீழ்நோக்கி விரிகிறது. ஆண்டுகள் பல சென்றபின் இடையில் நாலைந்து மில்லிமீற்றர் எலும்பே எஞ்சலாம். சாதாரண இம்பிளான்ற் உறுதியாக நிற்க எட்டு, பத்து மில்லிமீற்றர் வேண்டும். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரானெமார்க், எலும்பு தைற்றேனியம் உலோகத்தோடு ஒட்டி வளரும் என்பதைக் கண்டறிந்து, 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதனை நாட்டினார். ஆனால் ஒட்டி வளர்வதற்கு அங்கே எலும்பு இருக்க வேண்டுமே! 1970களில் அமெரிக்கப் பல்வைத்தியர் ஹில்ற் ரேற்றம் அதற்கு வழி கண்டார். 1980இல் பொயின், ஜேம்ஸ் என்ற இருவர் இம்முறையை மருத்துவ ஏட்டில் எழுதி வெளியிட்டார்கள்.

முரசைத் திறந்து, எலும்பில் சிறிய சாளரம் ஒன்றை அமைத்து, காற்றறையின் உள்ளே படிந்துள்ள மெல்லிய சவ்வை வைத்தியர் மேலே உயர்த்துகிறார். அதன் கீழ் உண்டாகும் இடத்தில் எலும்புத் துகளை நிரப்பித் தைக்கிறார். அச்சவ்வு ஒரு மில்லிமீற்றர் கனமும் இருப்பது அரிது. அது கிழியாமலும், துகள் இடம் பெயராமலும் இருக்க வேண்டும். பின்னர் சொல்லப்படும் கட்டுப்பாடுகள் யாவும் இந்த ஒரு காரணத்துக்காகவே.

முதல் இரண்டு மூன்று நாட்களில் கன்னம் வீங்கும். வீக்கம் மூன்றாம் நாள் உச்சமடைந்து பின் வற்றத் தொடங்கும். கண்ணுக்குக் கீழே கன்றிப்போவதும், மூக்கிலிருந்து சிறிது இரத்தம் கசிவதும் உண்டு. இவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. முதல் நாள் துணியிற் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மூக்கு. இரண்டு முதல் நான்கு வாரம்வரை, உங்கள் வைத்தியர் குறிக்கும் நாள்வரை, மூக்குச் சீறவே கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். தடிமன் பிடித்திருந்தால் சத்திரசிகிச்சைக்குப் போகுமுன்னரே வைத்தியருக்கு அறிவித்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள். குழல் வைத்து உறிஞ்சிக் குடித்தலும் கூடாது. புகைத்தல் காயம் ஆறுவதைக் கெடுக்கும். வெற்றிலை, புகையிலைக்கும் விடை கொடுங்கள்.

சாப்பாடு நம் வீட்டிலேயே உண்டு. ஆறிய கஞ்சி, குழைந்த சோறும் பருப்பும், தயிர், சொதியில் ஊறிய இடியப்பம் ஆகியவை போதும். உறைப்பையும் சூட்டையும் குறைத்து மற்றப் பக்கத்தால் மெல்லுங்கள். முறுக்கு, வடை, கச்சான் ஆகியவை சில வாரம் பொறுக்கட்டும். மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புநீரை வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து விடலாம். பலமாகக் கொப்பளிக்க வேண்டாம். காயத்தில் கராம்பெண்ணெயோ மஞ்சளோ தடவ வேண்டாம்.

நம் அங்கத்தவருக்கென்றே சில குறிப்புகளும் உண்டு. சங்கு, நாதஸ்வரம், புல்லாங்குழல் ஊதுவோர் வைத்தியர் அனுமதிக்கும்வரை ஊதக் கூடாது. ஊதும் அழுத்தம் காற்றறைவரை செல்லும். கபாலபாதி போன்ற மூச்சுப் பயிற்சியும், மூக்கால் நீர் விடும் நேதியும் அப்படியே. தலை தாழ விழுந்து வணங்குவதை நிறுத்தி, சில வாரம் நின்றபடி கைகூப்பினால் போதும். ஆவி பிடிப்பதையும் வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களை ஒட்டிச் சத்திரசிகிச்சையை வைக்காதீர்கள். இபுபுரோபன் குளிசையை வெறும் வயிற்றில் எடுக்கலாகாது. அன்ரிபயோற்றிக் தந்திருந்தால் இடையில் நிறுத்தலாகாது.

இனி, பலர் கேட்க மறந்துவிடும் ஒரு கேள்வி. உள்ளே வைக்கும் அந்தத் துகள் எதிலிருந்து வந்தது? அது நம் சொந்த எலும்பாக இருக்கலாம். இறந்த ஒருவர் தானமாக ஈந்த எலும்பாகவோ, இரசாயன முறையில் செய்ததாகவோ இருக்கலாம். ஆனால் மிகுதியாகப் பயன்படுபவற்றுள் ஒன்று, பதப்படுத்திய மாட்டெலும்பு. மேலே மூடும் சவ்வு பன்றியிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருக்கும். சில மாத்திரைகளின் கூட்டிலுள்ள ஜெலற்றினும் விலங்கிலிருந்து வருவதே. இதனை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. ஆனால் வைத்து முடிந்தபின் அறிந்து மனம் வருந்துவதிற் பயனில்லை. வைத்தியர் தாமாகச் சொல்லும்வரை காத்திராதீர்கள். உங்கள் வழக்கத்தைச் சொல்லி, வேறு பொருள் உண்டா, அதன் பலன் எப்படி என்று கேளுங்கள். 2015இல் மொன்கொமறி வழக்கில் இந்நாட்டு உச்ச நீதிமன்றம், நோயாளிக்கு முக்கியமான ஆபத்துக்களையும் மாற்று வழிகளையும் வைத்தியர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கையொப்பமிடும் தாளில் பொருளின் பெயரை எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்புற்றுநோய், பெருங்காயம் போன்ற காரணங்கள் இருந்தாலன்றி, தேசிய சுகாதார சேவை பொதுவாக இம்பிளான்றுக்குப் பணம் தருவதில்லை. செலவு பல ஆயிரம் பவுண். எனவே சென்னையிலோ கொழும்பிலோ செய்துகொண்டு வரலாம் என எண்ணுவோர் உண்டு. அங்கே திறமையான வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். விமானத்தில் காற்றழுத்தம் மாறும். காயம் ஆறுமுன் பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறப்பது நல்லதல்ல. எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று சத்திரசிகிச்சை செய்பவரைக் கேட்டபின்னரே ரிக்கற் எடுங்கள். எலும்பு முற்ற ஆறு மாதமளவில் ஆகும். எஞ்சிய எலும்பு ஓரளவு இருந்தால் அன்றே இம்பிளான்றையும் நாட்டிவிடுவதுண்டு. இல்லையேல் இன்னொரு பயணம் வேண்டும். இடையில் தொல்லை வந்தால் இங்கே யார் பார்ப்பார் என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். செய்த வேலையின் எக்ஸ்ரே படங்களையும் குறிப்புகளையும் கையோடு கொண்டுவாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்தெடுப்போர், எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனிக் அமிலம் போன்ற மருந்து எடுப்போர் இதனை முதற் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது.

பின்வருவன தோன்றினால் தாமதியாமல் சத்திரசிகிச்சை செய்தவருக்கு அறிவியுங்கள்: நாலாம் நாளுக்குப் பின்னும் கூடிவரும் வீக்கமும் வலியும், காய்ச்சல், மூக்கால் துர்நாற்றமுள்ள சளி, குடித்த நீர் மூக்கால் வருதல், துகள் மூக்கால் விழுதல். அவரைப் பிடிக்க முடியாவிட்டால் 111ஐ அழையுங்கள். அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலோ, கண்பார்வை மங்கினாலோ, லண்டன் றோட்டிலுள்ள குரோய்டன் பல்கலைக்கழக வைத்தியசாலையின் அவசர பிரிவுக்கு நேரே செல்லுங்கள்.

எல்லோருக்கும் இது வேண்டும் என்பதுமில்லை. கழற்றி மாட்டும் பல், பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பாலம், குட்டை இம்பிளான்ற் ஆகிய வழிகளும் உண்டு. பின்னால் உள்ள ஒரு பல் இல்லாமலே சௌகரியமாக மென்று வாழ்வோர் பலர். செய்வதென்று தீர்மானித்தால், வைத்தியர் நேரம் கொடுக்குமுன் நீங்கள் உங்கள் நாட்காட்டியைப் பாருங்கள். வீட்டுக் கலியாணம், கோயில் திருவிழா, விமானப் பயணம், விரதம் எதுவுமில்லாத ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த மாதத்தை உங்கள் கன்னத்துக்குக் கொடுத்துவிட்டால், மிச்சத்தை எலும்பு தானே பார்த்துக்கொள்ளும்.