அம்மா சைக்கிளுக்கு ஒரு இரும்புக் கை

"ஏண்டி, நீ படிக்கிறது இன்ஜினீயரிங்தானே?"

கண்மாய்க் கரை மேட்டில், முழங்கையில் ரத்தத்தோடு உட்கார்ந்துகொண்டு அம்மா கேட்ட கேள்வி இது. பக்கத்தில் சைக்கிள் படுத்துக் கிடந்தது. பின் சக்கரம் கோணிப்போய், மோட்டார் ஒயர் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு அறுந்து தொங்கியது. அந்த மோட்டாரை மாட்டினது சாட்சாத் நான்தான். மாட்டி மூணே நாள்!

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1991-ல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சூடு பிடித்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தர வைத்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஊர் வாய்க்குப் பயப்படாமல் பெடல் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தாவணி போட்ட எங்க அம்மாவும் ஒருத்தி. இன்றைக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முட்டி வலி வேறு. "சைக்கிளை விட்டுடும்மா" என்றால் முகம் வாடிப்போகும். அதனால்தான் பின் சக்கரத்துக்குள்ளேயே சுற்றுகிற ஹப் மோட்டார் ஒன்றை ஆர்டர் பண்ணினேன்.

தப்பு எங்கே? கிட் பெட்டியில் இரண்டு வாஷர், இரண்டு நட். இறுக்கினால் போதும் என்று நினைத்தேன். நியூட்டன் தாத்தாவை மறந்துட்டேன்!

ஹப் மோட்டாரில் அச்சு சுற்றாது. அதைச் சுற்றியிருக்கும் கூடுதான் சுற்றும். கூட்டை முன்னால் எவ்வளவு விசையோடு திருப்புகிறதோ, அதே விசையோடு அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவி, ஃபிரேமின் காடிக்குள் உட்கார வைத்திருப்பார்கள். தட்டைக்குத் தட்டை பெரும்பாலும் 10 மில்லிமீட்டர்தான்.

இப்போ ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸில் தூங்கிக்கொண்டே படித்த 'கப்பிள்' ஞாபகம் இருக்கா? மேடு ஏறும்போது மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது என்று வையுங்கள். அதைத் தாங்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே தூரம் சுமார் 1 சென்டிமீட்டர். 40-ஐ 0.01-ஆல் வகுத்தால் 4,000 நியூட்டன். அதாவது சைக்கிளின் மெல்லிய இரும்பு விளிம்பு ஒவ்வொன்றின் மேலும் கிட்டத்தட்ட 400 கிலோ! காடி விரிகிறது, நட் தளர்கிறது, அச்சு கரகரவென்று சுற்றுகிறது. அச்சுக்குள்ளிருந்து வரும் ஒயரும் கூடவே முறுக்கி அறுகிறது.

மருந்து ரொம்ப சிம்பிள். அச்சைக் கவ்விப் பிடிக்கிற ஒரு இரும்புக் கையை, 15 சென்டிமீட்டர் தள்ளி ஃபிரேமில் கட்டிவிட்டால் அதே 40-ஐ 0.15-ஆல் வகுக்கலாம். முனையில் வெறும் 27 கிலோதான்! இதுக்குப் பேர்தான் டார்க் ஆர்ம். புதுசா ஒண்ணும் இல்லை பாஸ்... டிரம் பிரேக் வைத்த பைக்கின் பின் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். பிரேக் மூடியிலிருந்து ஸ்விங் ஆர்முக்கு ஒரு கம்பி போகும். பிரேக் பிடிக்கும்போது மூடி சுற்றாமல் தடுப்பது அதுதான். அமெரிக்காவின் ஆக்டன் போல்டன் பின் சக்கர ஹப் மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கியதே 1895 டிசம்பர் 31-ல். அச்சு திரும்பப் பார்க்கிற இந்த வம்பும் அவ்வளவு பழசு!

மறுநாள் பழைய இரும்புக் கடையில் ஒரு பட்டை பொறுக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். செய்முறை இதோ:

* 6 மி.மீ. கனம், 30 மி.மீ. அகலம், 18 செ.மீ. நீள மைல்டு ஸ்டீல் பட்டை. அலுமினியம் வேண்டாம்.

* ஒரு முனையில் 9.5 மி.மீ. துளை போட்டு, மீதியை அரத்தால் ராவி, அச்சின் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்க அச்சு 12 மி.மீ., தட்டை 10 மி.மீ. உங்க அச்சை அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். நுழையவில்லை என்றால் பட்டையைத்தான் ராவணும், அச்சைத் தொடக்கூடாது.

* ஃபிரேம் காடி, கை, வாஷர், நட் என்ற வரிசையில் மாட்டி இறுக்குங்கள். இன்னொரு முனையை செயின் ஓரக் குழாயோடு இரண்டு ஸ்டீல் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். பெயின்ட் போகுதே என்று நடுவில் ட்யூப் ரப்பர் சுற்றாதீர்கள். ரப்பர் அமுங்கும், ஆட்டம் வரும்.

* பிரேக் பிடித்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வசதி இருக்கிறதா? அப்போ அச்சு இரண்டு திசையிலும் திருகப்படும். இரண்டு பக்கமும் கை வையுங்கள்.

* முன் சக்கரத்தில், அதுவும் அலுமினிய வார்ப்பு ஃபோர்க்கில் மோட்டார் மாட்டும் ஆசை இருந்தால் ப்ளீஸ், விட்டுவிடுங்கள். இரும்பு வளைந்து எச்சரிக்கும். வார்ப்பு சொல்லாமல் உடையும். முன் சக்கரம் கழன்றால் விழுவது முகம்.

அரத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, முதல் கையை அச்சில் மாட்டிப் பார்த்தேன். லேசா ஆடியது. "பரவால்ல அண்ணே, நட்டை இறுக்கினா சரியாயிடும்" என்றேன். பட்டறை அண்ணன் அதைக் கழற்றி ஓரமாய்ப் போட்டுவிட்டார்.

"பாப்பா, இன்னைக்கு நூல் அளவு ஆட்டம். ஒவ்வொரு தடவை திருகும்போதும் சுத்தியல்ல அடிக்கிற மாதிரி அடிச்சு, அதுவே ஓட்டையைப் பெரிசாக்கிரும். திரும்ப ராவு."

திரும்ப ராவினேன். இரண்டாவது கை சிக்கென்று உட்கார்ந்தது. உள்ளங்கையில் கொப்புளம். 'ஃபிட் அண்ட் டாலரன்ஸ்' பாடத்தில் மார்க் வாங்கியிருக்கிறேன். அர்த்தம் புரிந்தது அன்றைக்குத்தான்.

ஒயரை மாற்றி, மூட்டை அரிசியைக் கேரியரில் கட்டி, அதே கண்மாய் மேட்டில் முதலில் நான் பத்துத் தடவை ஏற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் அம்மாவிடம் சாவி. கடைசி வேலையாக நட்டிலிருந்து கை மேல் வரை மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போட்டேன். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வண்டியை எடுக்கக்கூடாது.

இப்போ அம்மா தினமும் காலையில் குனிந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். நேற்று வாசலிலிருந்து குரல்: "கோடு நேராத்தான்டி இருக்கு... ஆனா லேசா அழிஞ்சிருக்கு. சாயங்காலம் வந்து வேற போடு!"

இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினீயர் வீட்டிலேயே ரெடி!