பரிசு வாங்காத படங்கள்

போட்டோ பிடித்தே பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: போட்டியில் பரிசு வாங்கும் படத்தால் ஊருக்குப் பெரிதாக ஒரு பிரயோசனமும் கிடையாது. கோபுரத்துக்குப் பின்னால் சூரியன், குறுக்கே ஒரு பறவைக் கூட்டம். இந்த மாதிரிப் படம் ஆயிரம் இருக்கிறது. காலண்டருக்கு ஆகும்.

அப்படியிருந்தும், பழைய நினைவுச்சின்னங்களைப் படமெடுத்து விக்கிப்பீடியாவுக்காக ஏற்றும் ‘விக்கி லவ்ஸ் மான்யூமென்ட்ஸ்’ போட்டிக்குப் படம் அனுப்பச் சொல்லி, திண்டிவனத்தில் என் ஸ்டூடியோவுக்கு வரும் பிள்ளைகளை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். 2010-ல் நெதர்லாந்தில் தொடங்கியது. அடுத்த வருஷமே ஐரோப்பா முழுக்கப் பரவி, 1,68,208 படங்கள் குவிந்து கின்னஸில் ஏறியது. 2012-ல் இந்தியாவும் சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், செல்போன் படமே போதும், என்றைக்கோ எடுத்ததாக இருந்தாலும் ஏற்றலாம். எனக்குப் பிடித்தது பரிசு அல்ல. பரிசு வாங்காமல் பின்னால் கிடக்கும் அந்த லட்சத்துச் சொச்சம் படங்கள்.

ஏன் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் சுவர் மாடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலை திருடுபோய், கடைசியில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் நின்றது. அது நம்முடையதுதான் என்று காட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய படம். அவர்கள் கோயில் கோயிலாகப் போய் எடுத்துச் சேர்த்து வைத்தது. 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து, அதேபோல் கோயிலிலிருந்து திருடுபோயிருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்து அதையும் ஒப்படைத்தார். நடராஜருக்கும் அந்த நிறுவனத்துப் படங்கள்தான் கைகொடுத்தன. எந்தப் போட்டிக்கும் போகாத படங்கள் அவை.

ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை ஊருக்குப் போகும்? செங்கம் பக்கம் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களுக்கு அந்தந்த ஊர்க்காரன்தான் போக வேண்டும். எங்கள் மாவட்டத்து மண்டகப்பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் செய்ததாகக் கல்வெட்டிலேயே சொல்லி வைத்திருக்கிறான். வருகிறவர்கள் துவாரபாலகரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கல்வெட்டை எடுங்கள் என்றால், “எழுத்தே தெரியலையே அண்ணே” என்கிறார்கள்.

உச்சி வெயிலில் போனால் தெரியாதுதான். வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்து கல்லோடு கல்லாக அமுங்கிவிடும். காலையிலோ சாயங்காலமோ வெயில் கல்லை உரசிக்கொண்டு சாய்வாகப் போகும்போது, ஒவ்வொரு எழுத்தும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். நிழலுக்குள் இருக்கும் கல்வெட்டா? முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள். கல்யாண வீட்டில் பையன் தெர்மாகோல் பிடிப்பானே, அதே வேலை. சுண்ணாம்புப் பொடி தடவுவது, எண்ணெய் பூசுவது, நேருக்கு நேர் ஃபிளாஷ் அடிப்பது, மூன்றும் கூடாது. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம், தள்ளி நின்று மரமும் பாதையும் தெரிய இன்னொன்று. ஊர்ப் பெயரும் தேதியும் கட்டாயம். தனியாகக் கிடக்கும் சின்னச் சிலையின் துல்லியமான இடத்தை மட்டும் போடாதீர்கள். திருடனும் இன்டர்நெட் பார்க்கிறான்.

என் தொழில்காரர்களுக்கு இதில் ஒரு மனத்தாங்கல். இந்தப் போட்டி ஏற்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றினால், எடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். “நம்ம படத்த வச்சு எவனோ காசு பாப்பான்” என்கிறார்கள். பார்க்கட்டுமே. கல்யாண ஆல்பத்தில் நாம் பார்க்கிற காசை அவன் பிடுங்கப் போவதில்லை. படத்தின் நடுவே பெயரைக் குறுக்காக அடித்து ஹார்டு டிஸ்க்கில் பூட்டி வைத்து என்ன கண்டோம்? டிஸ்க் போனால் படமும் போயிற்று.

இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை 2018-லேயே, தாஜ்மகால் சமாதி, அஜந்தா போன்ற சில இடங்கள் தவிர, தன் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் படமெடுக்க அனுமதித்துவிட்டது. அறநிலையத் துறைக் கோயில்களில் நிலைமை நேர்மாறு. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னபடி, உள்ளே செல்போனே கூடாது. சன்னதியில் போனை நீட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. அந்தத் தடை சரி. ஆனால் பிராகார வெளிச்சுவரில் இருக்கும் கல்வெட்டும் மாடத்துச் சிலையும் என்ன செய்தன? திருப்பணியில் மணலைப் பீய்ச்சியடித்து எழுத்து மழுங்கிய கோயில்கள் உண்டு. முன்னால் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டப் படம் இல்லை.

மாதத்தில் ஒரு காலைப் பொழுது, வெளிச்சுவர்களை மட்டும் எடுக்க அறநிலையத் துறை நீதிமன்றத்திடம் கேட்டு வழிசெய்யலாம். பெயரைப் பதிந்துகொள்ளட்டும், கூடவே காவலாளி வரட்டும், வேண்டுமானால் கட்டணமும் வாங்கட்டும். குடமுழுக்குத் திருப்பணிக்காகப் பாலாலயம் செய்வதற்கு முன் அப்படி ஒரு காலை கட்டாயம் என்று உத்தரவு போட்டால் இன்னும் நல்லது. கண்ணாடி பிடிக்க நான் வருகிறேன்.