ரயரை மாற்றுமுன் ஒரு கேள்வி

சில வாரங்களுக்கு முன் என் மைத்துனர் தாம் வாங்கிய பழைய மோட்டார்க் காரில் குடும்பத்துடன் எம்மில்லம் வந்திருந்தார். காரை விட்டிறங்கிய என் மாமியார் இடுப்பைப் பிடித்தவாறே, "இதைவிட மாட்டுவண்டி மேல், தம்பி" என்றார்.

குற்றம் காரினுடையதன்று; ரயர்களினுடையது. அவை 'ரன் பிளாற்' எனப்படும் வகையைச் சேர்ந்தவை. சாதாரண ரயரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. இவ்வகையிலோ பக்கச்சுவர் மிகத் தடிப்பாக அமைந்திருக்கும். ஆணி தைத்துக் காற்று முழுவதும் போயினும் அச்சுவரே வண்டியைத் தாங்கும். பொதுவாக, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகத்தில் 80 கிலோமீற்றர் தூரம் வரை செல்லலாம். பி.எம்.டபிள்யூ. கார்கள் பல, மாற்றுச் சில்லு இன்றியே விற்பனைக்கு வந்தமை இதனாலேயே.

ஆயினும் எந்த நன்மைக்கும் ஒரு விலையுண்டு. தடித்த சுவர் எளிதில் வளையாது. பாதையின் பள்ளமெல்லாம் பிரயாணியின் முதுகெலும்பை வந்தடையும். ரயரின் விலையும் அதிகம். காற்றின்றி ஓடியதால் உட்சுவர் நைந்திருப்பது வெளியே தெரியாதாகையால், அதனை ஒட்டிப் பாவிப்பதும் பெரும்பாலும் தகாது.

"நான்கையும் கழற்றிவிட்டுச் சாதாரண ரயர் போடப்போகிறேன்" என்றார் மைத்துனர். "நல்ல யோசனை" என்றேன்.

அதுவரை வாய் திறவாதிருந்த அவர் மனைவி கேட்டார்: "அண்ணா, கிளிநொச்சியில் வேலை முடிந்து, இருட்டிய பின் பிள்ளைகளுடன் தனியே வருபவள் நான். வழியில் காற்றுப் போனால் என்ன செய்வது?"

நாங்கள் இருவரும் மௌனமானோம். மாமியாரின் இடுப்புக்கு விடை கண்ட நாம், இவருடைய இரவுக்கு விடை காணவில்லை!

ரயரை மாற்றுவது தவறன்று. ஆனால், தடித்த சுவர் அளித்த காவலை வேறொன்று அளித்தாக வேண்டும். பொருத்தமான மாற்றுச் சில்லொன்றும், ஜாக்கியும், நட்டுச் சாவியும் காரில் இருத்தல் அவசியம். பின்பெட்டியில் அதற்கென இடமில்லையாயின், சில்லை உருளாதவாறு இறுகக் கட்டிவைக்க வேண்டும். துவாரத்தை அடைக்கும் பசைத் திரவம் சிறிய ஆணித் துளைக்கு உதவும்; பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. நான்கு ரயர்களையும் ஒருங்கே மாற்றுக. இருவகையையும் கலத்தல் ஆகாது. ரயரிற் பொறித்துள்ள பார எண்ணும் வேக எழுத்தும் காருக்கு விதித்த அளவிற் குறையலாகாது. உதாரணமாக, 91 என்பது ஒரு ரயர் 615 கிலோகிராம் தாங்கும் என்பதன் குறி. காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியையும் அகற்றற்க.

இவையனைத்தினும் முக்கியமானது, காரைச் செலுத்துபவர் சில்லை மாற்றப் பழகியிருத்தல். நட்டுகளைத் தரையில் வைத்தே சற்றுத் தளர்த்தி, பின்னரே ஜாக்கியால் வண்டியை உயர்த்துதல் வேண்டும்.

சென்ற சனிக்கிழமை எமது முற்றத்தில் அப்பயிற்சி நடைபெற்றது. மைத்துனரும் நானும் கைகட்டி நின்றோம். அவர் மனைவி தனியொருவராகச் சில்லைக் கழற்றி, மாற்றிப் பூட்டினார். பின்னர் கரிபடிந்த கைகளைக் கழுவிக்கொண்டே, "மாமி, இனி முன் ஆசனத்தில் ஏறுங்கள், இடுப்பும் நோகாது, எனக்கும் பயமில்லை" என்றார்.