வாய் மூடியவர்கள் தந்த தீர்ப்பு

பிணங்கள் எழுந்து நடமாடுகின்றன. நகரங்கள் நாசமாகிவிட்டன. நீதிமன்றம் இல்லை, காவல் நிலையம் இல்லை, சிறைச்சாலை இல்லை. எஞ்சி நிற்போர் ஒரு சிறு கூட்டத்தார். அவர்கள் ஒரு பண்ணை வீட்டின் கூடத்திலே கூடியிருக்கிறார்கள். எதற்காக? பசி தீர்க்க வழி தேடவா? பிணங்களைத் தடுக்க வேலி கட்டவா? இல்லை! கட்டுண்டு கிடக்கும் ஒரு வாலிபனைக் கொல்லலாமா, விடலாமா என்று தீர்மானிக்க!

'தி வாக்கிங் டெட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2010 முதல் 2022 வரை 177 பகுதிகளாக நடந்து முடிந்தது. அதிலே 2012 மார்ச் 4-ஆம் நாள் ஒளிபரப்பான ஒரு பகுதியை இங்கே எடுத்துக்கொள்கிறோம். நீதிபதியும் ஜூரியும் கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவனும் ஒருவனே என்பது அதன் தலைப்பிலே பொதிந்துள்ள பொருள். நடைப்பிணக் கதைதானே, நமக்கென்ன என்று நகர்ந்துவிட வேண்டாம். அந்தப் பகுதியிலே நம்மை நடுங்க வைப்பவர்கள் பிணங்களல்ல, உயிரோடு இருப்பவர்கள்!

வாலிபன் பெயர் ராண்டல். பகைக் கூட்டத்தைச் சேர்ந்தவன். துப்பாக்கிச் சண்டையிலே அவனுடைய ஆட்கள் அவனைக் கைவிட்டு ஓடிவிட்டனர். வேலிக் கம்பி காலிலே குத்தி அலறிக்கொண்டிருந்தவனைத் தலைவன் ரிக்கும், கிளென்னும், பண்ணைக்கார முதியவர் ஹெர்ஷலும் மீட்டு வந்தனர். காயத்துக்கு மருந்திட்டனர். மருந்திட்ட பிறகு, கொன்றுவிடலாமா என்று பேசுகின்றனர்!

அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். டாரில் அவனை அடித்து உதைத்துக் கேட்டபோது, தன் கூட்டத்திலே 30 பேர் இருப்பதாகவும், ஆயுதங்கள் ஏராளம் என்றும் சொன்னான். ஒரு தந்தையின் கண்ணெதிரே அவருடைய இரு பெண்களை அந்தக் கூட்டத்தார் சீரழித்ததையும் சொன்னான். தான் தொடவில்லை என்று கதறினான். அவனை விட்டால் பகைவரை அழைத்து வருவான். வைத்திருந்தால் சோறு போட வேண்டும், இரவு பகலாகக் காவல் காக்க வேண்டும். இது கொல்லச் சொல்வோரின் வாதம். வலுவுள்ள வாதந்தான்.

ஆனால், விசாரணை எப்படி நடந்தது? குற்றம் சாட்டப்பட்டவன் கூடத்துக்கு அழைக்கப்படவில்லை. சான்று, அடியால் கறந்த வாக்குமூலம். குற்றம், பிறர் செய்தது. தண்டனையோ இவனுக்கு! அதுவும், கூட்டம் கூடுமுன்பே ரிக் முடிவெடுத்துவிட்டான். டேல் என்ற முதியவர் மன்றாடியதால், பொழுது சாயும்வரை தவணை கிடைத்தது.

டேல் ஒவ்வொருவரையும் தேடிப் போகிறார். அவர்கள் யார்? ஊர் பேர் தெரியாதவர்களா? அல்ல! அவருடைய வண்டியிலே ஏறி, அவரோடு உண்டு, உறங்கி, அவரைக் குடும்பப் பெரியவராய் எண்ணியவர்கள்!

ஹெர்ஷலிடம் போகிறார். அன்றுதான் ஹெர்ஷல், தன் மகள் மேகியைக் காதலிக்கும் கிளென்னுக்குத் தம் குடும்பக் கடிகாரத்தைக் கொடுத்து வாழ்த்துகிறார். கிளென் கொரிய மரபினன். மரபு வேறானவனை மருமகனாய் ஏற்றுக்கொள்ளும் அந்த மனம், கொட்டகையிலே கிடக்கும் அயலானின் உயிரைப் பற்றிக் கேட்டால், ரிக்கிடம் விட்டுவிட்டேன் என்று ஒதுங்குகிறது!

கிளென்னோ, டேல் மகனைப் போல் நேசித்தவன். கூடத்திலே அவன் வாய் திறந்தபோது வந்த சொல் என்ன? அந்தப் பையன் நம்மவன் அல்லவே என்பதுதான். கரோல், மகளைப் பறிகொடுத்த தாய். முடிவு செய்யும்படி என்னைக் கேட்காதீர்கள் என்கிறாள். டேல் விடுவதாயில்லை. பேசாதிருப்பதற்கும் கொல்வதற்கும் வேறுபாடில்லை என்கிறார். சிறை வைக்கலாமே என்று மேகி கேட்கிறாள். விடுதலைக்கும் கொலைக்கும் நடுவே மூன்றாவது வழி அது. அதை முழுதாய் ஆராய யாருக்கும் பொறுமையில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஷேன், டேலை வெறுப்பவன், கொல்லத் துடிப்பவன். அவன்கூட, மற்றவர்களை உம் பக்கம் திருப்பினால் நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றான். ஆக, டேலைத் தோற்கடித்தது எதிரியின் பகையல்ல, நண்பர்களின் மௌனம்! கடைசியிலே அவர் பக்கம் எழுந்தது ஆண்ட்ரியாவின் குரல் ஒன்றுதான். முன்னாளிலே சிவில் உரிமை வழக்கறிஞராக இருந்தவள் அவள்.

கதை நடப்பது ஜார்ஜியா மாநிலத்திலே. அந்த மாநிலத்தின் வழக்கொன்றிலேதான், மரண தண்டனை அப்போது விதிக்கப்பட்டு வந்த முறை அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று 1972-இலே அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976-இலே அதே மாநிலத்தின் புதிய சட்டத்தை ஏற்றபோதும் வேலிகள் இருந்தன: குற்றத்துக்கு ஒரு விசாரணை, தண்டனைக்குத் தனி விசாரணை, அதற்கு மேல் மாநில உச்சநீதிமன்றத்தின் மறு ஆய்வு. மரண தண்டனை வேண்டும் என்போரே இத்தனை வேலி கேட்கிறார்கள். பண்ணை வீட்டுக் கூடத்திலே ஒரு வேலியும் இல்லை!

இரவு. கொட்டகை. ராண்டல் மண்டியிட்டுக் கிடக்கிறான். ரிக்கின் கையிலே துப்பாக்கி. அப்போது வாசலிலே ஒரு குரல்: சுடச் சொல்கிறது. யார் குரல்? ரிக்கின் மகன், சிறுவன் கார்ல்! அப்பனின் கை தாழ்கிறது. டேலின் வாதங்கள் செய்யாததைப் பிள்ளையின் முகம் செய்தது. பெரியவர்கள் கூடத்திலே எழுதிய பாடத்தைப் பிள்ளை மனப்பாடம் செய்துவிட்டதைக் கண்டான் தந்தை.

ஆனால், டேல் அதை அறியவில்லை. மனம் நொந்து வயல்வெளியிலே தனியே நடந்தவரை ஒரு நடைப்பிணம் கிழித்துவிட்டது. சேற்றிலே சிக்கிக் கிடந்தபோது, கார்ல் கல்லெறிந்து விளையாடிச் சீண்டிவிட்ட அதே பிணம்! உயிர் துடிக்கிறது, மருத்துவத்துக்கு வழியில்லை. வேதனையை முடிக்கத் துப்பாக்கி எடுத்த ரிக்கால் முடியவில்லை. டாரில் வாங்கிக்கொள்கிறான்; மன்னிப்புக் கேட்டுவிட்டு முடிக்கிறான். காலையிலே கைதியை உதைத்த அதே டாரில்! மனிதனுக்குள்ளே கொடுமையும் உண்டு, கருணையும் உண்டு. எதை வளர்க்கிறது சமுதாயம் என்பதுதான் கேள்வி.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். மார்ச் 11-இலே வந்த அடுத்த பகுதியிலே, இனி டேலின் வழியே நம் வழி என்று அவருடைய கல்லறையருகே ரிக் பேசினான். அதே பகுதியிலே ஷேன், ராண்டலைக் காட்டுக்குள் அழைத்துப்போய்த் தன்னந்தனியாகக் கொன்றான். ஷேனை ரிக் கொன்றான். மார்ச் 18-இலே அந்தப் பருவத்தின் கடைசிப் பகுதி. இனி இங்கே ஜனநாயகம் கிடையாது என்று ரிக் அறிவித்தான்!

மார்ச் 4-க்கும் மார்ச் 18-க்கும் இடையே இரண்டே வாரம். அயலானின் உயிரா, அதை அவனே தீர்மானிக்கட்டும் என்று தலைவனிடம் ஒப்படைத்தவர்கள், இரண்டு வாரத்திலே தங்கள் வாக்குரிமையையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டார்கள். தலைவன் பறித்தானா? இவர்கள் கொடுத்தார்கள் என்கிறோம் நாம்!

உறவு இருந்தது அந்த வீட்டிலே. அன்பும் இருந்தது. ஆனால் அந்த அன்பு 'நம்மவன்' என்ற வேலியோடு நின்றுவிட்டது. நம்மவனுக்கு நீதி கேட்பது எளிது, எவரும் கேட்பர். நம்மவனல்லாத ஒருவனுக்காக, நமக்கு வேண்டியவர்கள் நடுவிலே, தனியாக எழுந்து நின்று கேட்பதுதான் அரிது. டேல் கேட்டார். ஆண்ட்ரியா கேட்டாள். மற்றவர்கள் மூச்சு விட்டார்கள், நடந்தார்கள், உண்டார்கள். பேசவேண்டிய நேரத்திலே பேசவில்லை. நடைப்பிணம் என்று நாம் யாரைச் சொல்வது?

வேலிக்கு வெளியே நின்றவற்றை மட்டுந்தானா?